பேசிக்கொண்டே நடக்கணும்

மொக்கராசுவுக்கு எழுபத்தொரு வயது. தேனியிலிருந்து கம்பம் போகும் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சுருளிப்பட்டியில் தனியாக இருக்கிறார். போன வருஷம் அவருடைய இதயம் தாளம் தப்பி அடிக்க ஆரம்பித்தது.

“மாத்திரை மட்டும் போதாதுய்யா. தினமும் அரை மணி நேரம் நடங்க. நடக்கும்போது பேச முடியணும். பேச முடியாம மூச்சு வாங்குனா வேகத்தைக் குறைச்சிருங்க” என்றார் டாக்டரம்மா.

மொக்கராசுவுக்குக் கோபம்தான் வந்தது. மாத்திரையைக் கடையில் வாங்கலாம். பேசுவதற்கு ஆளை எங்கே போய் வாங்குவது? அதை வாய்விட்டுச் சொல்ல ரோஷம் விடவில்லை.

முதல் நாள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வாயே திறக்காமல் நடந்தார். மறுநாள், வேறு பேச்சு எதுவும் தோன்றாமல், பஸ்ஸில் கத்திய அதே குரலில் ஊர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். “வீரபாண்டி! கோட்டூர்! சீலையம்பட்டி!” சின்னமனூருக்கு மூச்சு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, நடந்துகொண்டே கம்பம் வரைக்கும் எல்லா ஊரையும் கூப்பிட முடிந்தது.

டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்தார். “துடிப்பு இன்னும் தாறுமாறாத்தான் இருக்கு. ஆனா தெம்பு கூடியிருக்கு. கூட யாரு நடக்குறாக?”

“பஸ் நிறைய ஆளுக இருக்காக தாயி.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை, பாதை முடிகிற இடத்தில் நின்று, “கம்பம்! கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் இறங்குங்க!” என்றார். தூங்கிப்போனவர்களை எழுப்பிவிடும் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். எழுப்புவதற்கு ஒருவர்கூட இல்லை.