ஈயம் வைத்துப் பூட்டிய லொறி

எங்கள் தோட்டத்து லொறி புகை விடக்கூடாது என்று அரசாங்கம் விரும்பியது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து அது நான்காவது வருடம். ஆகவே லொறி அரசாங்கத்தினுடையது, புகையும் அரசாங்கத்தினுடையது, அதைப் பிடிக்க வந்தவரும் அரசாங்கம். இந்தக் குடும்ப விவகாரத்தில் வெளியாள் ஒருவர்தான்: லொறியின் டிரைவர்.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். நடந்ததை அன்றன்றே டயரியில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. முதல் பரிசோதனை ஒரு செவ்வாய்க்கிழமை. டிரைவர் இன்றுவரை புதன் என்று சாதிக்கிறார். அந்தப் புதன், பரிசோதனை நடக்கும் ஹட்டன் டவுனில் நாள் முழுக்க மழை. பரிசோதகர் மழையில் ஜீப்பை விட்டு இறங்குகிறவர் அல்ல. ஆகவே செவ்வாய்தான்.

லொறிகளுக்கு வருடத்துக்கு ஒரு தகுதிப் பத்திரம் வேண்டும். பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்து முடித்தபின் கடைசியில் புகை. அதை அளக்க இருந்த கருவிகள் இரண்டு: பரிசோதகரின் கண், பரிசோதகரின் கைக்குட்டை. டிரைவர் எஞ்சினை உறுமவைப்பார். பரிசோதகர் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்துவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூடுபனி இறங்கிய நாட்களில் கைக்குட்டையே சரியாகத் தெரியாது. அந்த நாட்களில் எந்த லொறியும் தோற்றதாக என் குறிப்பில் இல்லை.

அந்தச் செவ்வாய், துரதிருஷ்டவசமாக, நல்ல வெயில்.

"தும் வெடியி" என்றார் பரிசோதகர் சிங்களத்தில். புகை அதிகமாம். கறுத்த கைக்குட்டையைச் சாட்சிக்கு நீட்டினார். வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்ததால் மேற்கொண்டு விளக்கவில்லை. இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

தோட்டம் அரசாங்கமான பிறகும் மனேஜரைத் தொரை என்று கூப்பிடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தொரை டிரைவரை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, தன் அரைகுறைத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி புகை வந்தா, நீ பெரட்டு. புல்லு வெட்டு."

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். டிரைவர் அங்கிருந்து வந்தவர்தான். எட்டு வருடம் மழையில் புல் வெட்டி, ஐந்து வருடம் லொறியில் கிளீனராக நின்று, அதன்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். பழைய புல்லுச் சுரண்டியைத் திரும்ப எடுப்பது அவருக்குச் சாவதற்குக் கொஞ்சம் முந்தியது.

"லொறி கெழடுங்கையா. எனக்கு மூத்தது" என்றார் என்னிடம். "அது இருமுனா நான் என்னா செய்ய?"

நியாயமான கேள்வி. அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் அடுப்புப் புகை வெளியேற ஒரு துவாரம்கூட இல்லை. அவர் மனைவி முப்பது வருடமாக அதற்குள் இருமிக்கொண்டிருந்தார். அந்தப் புகையை அளக்க யாரும் கைக்குட்டையோடு வரவில்லை. லயத்துக்குச் சக்கரம் இல்லாதது ஒரு குறைதான்.

பத்திரங்களை எடுத்துக்கொண்டு நானும் டிரைவருடன் ஹட்டனில் ஒரு கராஜுக்குப் போனேன். உரிமையாளரான முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம். அவர் பொனட்டைத் திறந்து, வைத்தியர் மாதிரி தலையை ஆட்டினார்.

"பம்புல ஒரு ஸ்க்ரூ இருக்கு. ரெண்டு சுத்து எறக்கிவுட்டா டீசல் கொறயும். புகை நிக்கும்."

"வண்டி, நானா?"

"வண்டியும் நிக்கும், மேட்டுல. டெஸ்ட் முடிஞ்ச கையோட வாங்க, பழயபடி ஏத்திவுடுறேன். ஊரே இப்பிடித்தானே செய்யுது, என்னத்துக்கு மொகத்தத் தொங்கப்போடுறீங்க?"

ஊர் அப்படித்தான் செய்தது, நாங்களும் செய்தோம். பரிசோதனை வாரத்தில் மலைநாட்டு லொறிகள் எல்லாம் சவ ஊர்வலத்தில் போவதுபோல மேடேறும். அடுத்த வாரம் கரும்புகையோடு உயிர்த்தெழும். சட்டமும் வாழ்ந்தது, லொறிகளும் வாழ்ந்தன.

இரண்டாவது பரிசோதனையும் செவ்வாய்தான். இதில் டிரைவருக்கும் மறுப்பில்லை. இப்போது வந்தவர் வேறொரு பரிசோதகர், இளையவர். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பரிசோதகரும் சிரித்தார். பிறகு பையிலிருந்து மெல்லிய கம்பியும் ஒரு ஈயக் கட்டியும் எடுத்தார். பம்பின் ஸ்க்ரூவை இனித் திருப்ப முடியாதபடி கம்பியைக் கோத்து, ஈயத்தை இடுக்கியால் நசுக்கி முத்திரை வைத்தார். அதை உடைத்தால் தகுதிப் பத்திரமும் டிரைவரின் லைசென்சும் போய்விடும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நேர்மையான அதிகாரி இவ்வளவு கஷ்டம் கொடுக்க முடியும் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

நானா ஈயத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தார். "நான் இந்த வண்டியத் தொடவே இல்ல, சரியா?" என்றார்.

வியாழக்கிழமை வழக்கம்போல் நாற்பது தேயிலைப் பெட்டிகள் ஏற்றினோம். ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கோயில் முடக்கு என்ற வளைவு நல்ல ஏற்றம். அங்கே லொறி நின்றது. அடுத்தபடி பின்னால் வழுக்கத் தொடங்கியது. கொழுந்துக் கூடைகளோடு வந்த பெண்கள் ஒதுங்கினார்கள்.

"என்னண்ணே, மூச்சு வாங்குதா? எறக்கிவிடுங்க, நடந்து வரட்டும்!"

"பெட்டிய எங்க தலையில வைங்க. ஒங்களுக்கு முந்தி ஹட்டனுக்குப் போயிர்றோம்."

"சிரிக்கிறத அப்புறம் சிரிங்க தாயி, டயருக்குக் கல்லப் போடுங்க மொதல்ல!" என்று கத்தினார் டிரைவர்.

கல் போட்டார்கள். சிரிப்பை நிறுத்தவில்லை. இருபது பெட்டிகளை இறக்கிய பிறகே லொறி ஏறியது.

மாலையில் தொரை ஆபீசுக்கு வந்து டிரைவரைக் கூப்பிட்டார். இரண்டு வாரத்துக்கு முன் புகையை வெறுத்தவர், இப்போது அதைத் திரும்பக் கேட்டார்.

"சீல் ஒடை."

"எழுத்துல குடுங்க தொரை, இப்பவே ஒடைக்கிறேன்."

"ஒடைக்காட்டி பெரட்டுதான்."

"புகை வந்தாத்தான் பெரட்டுன்னு சொன்னீங்க. இப்ப புகையே இல்லீங்களே. எதுக்குப் பெரட்டுன்னும் சேத்து எழுதிருங்க."

தொரை என் பக்கம் திரும்பிக் கடிதம் தயாரிக்கச் சொன்னார். "அரசாங்கம் வைத்த முத்திரையை என் பொறுப்பில் அகற்றுமாறு இதனால் பணிக்கிறேன்" என்று தொரையின் பேரில், காற்புள்ளிகூடத் தவறாமல், ஆங்கிலத்தில் தட்டச்சடித்துக் கொடுத்தேன். டிரைவர் வாசலிலேயே நின்றார். தொரை கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடினார்.

"இருபது பெட்டி ஏத்து. ரெண்டு வாட்டி போ" என்றார்.

அந்த வருடம் முழுவதும் நாற்பது பெட்டிக்கு லொறி இரண்டு தடவை ஹட்டனுக்குப் போய் வந்தது. டீசல் கூடுதலாக எரிந்தது. மொத்தப் புகை கூடியதா குறைந்ததா என்று யாரும் அளக்கவில்லை. அதற்கு இரண்டாவது கைக்குட்டை வேண்டியிருக்கும். கூடுதல் பயணம் ஏன் என்று கொழும்பிலிருந்து கேட்டபோது, சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து என்று பதில் எழுதினேன். அதில் தொரை உடனே கையெழுத்திட்டார்.

காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் சத்தம் ஆபீஸ் வரை கேட்கும். அந்த நேரத்தில் டிரைவர் இருபது பெட்டிகளோடு, முதல் கியரில், கோயில் முடக்கை ஏறிக்கொண்டிருப்பார்.