ஸ்பிரிட் இல்லாத பாட்டில்

ஊர் அவளைப் பூச்சியக்கா என்றுதான் கூப்பிடும். மலையோடையில் வாழும் பூச்சிகளை எண்ணுவது அவள் வேலை. நீர் ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். படித்தவர்கள் லென்ஸ் வைத்துத் தேடியதை வெறும் கண்ணால் காட்டினாள். துடைப்பத்தை வாங்கிக்கொண்டு இடுக்கியைக் கொடுத்தார்கள். அதன்பின் இருபத்து மூன்று வருடம் அதே வேலை. கூடம் அடிவாரத்துக்கு மாறியதும் வீட்டின் பின்னறையிலேயே எண்ணினாள். படுக்கையில் கிடந்த அவள் மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான்.

நல்ல தண்ணீரில் பல வகைப் பூச்சி இருக்கும். தண்ணீர் கெட்டால் ஒவ்வொரு வகையாகக் காணாமல் போகும். அவளே பெயர் வைத்திருந்தாள்: மூவாலி, மற்றதைப் பிடித்துத் தின்னும் இரட்டைவாலன், மணலை ஒட்டிக் கூடு செய்துகொள்ளும் வீடுகட்டி, கல்லோடு கல்லாகக் கிடக்கும் காசுப்பூச்சி. பிடித்ததை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக் கொன்றுவிட்டுத்தான் எண்ணுவாள்; வழக்கமாகப் பதினான்கு வகை தேறும். எட்டுக்குக் கீழே போனால் ஊருக்குத் தண்ணீர் விடும் மதகை மூட வேண்டும்.

ஒருநாள் மேல்ரோட்டில் பூச்சிமருந்து லாரி கவிழ்ந்தது. மருந்து ஓடையில் கலந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவும் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியும் குடித்தது அந்தத் தண்ணீர்தான். உடனே மதகை அடைத்தார்கள். ஊர்த் தொட்டியில் இருந்தது மறுநாள் மாலை நாலு மணிவரைதான் வரும். அதற்குமேலும் அடைத்தே வைத்தால் நோயாளிகளை மழையில் மலையிறக்க வேண்டும். அவர்களில் மூன்று பேர் பாதி வழிகூடத் தாங்கமாட்டார்கள்; ஆஸ்பத்திரியில் அவர்களை நான் பார்த்திருந்தேன். மருந்து கலந்த தண்ணீரைத் திறந்துவிட்டாலோ நாற்பது பேருக்கும் ஆபத்து.

மறுநாள் விடியற்காலை வலை போட்டுப் பிடித்துப் பாட்டிலில் போட்டிருந்ததை மதியம் இரண்டு மணிக்கு வெள்ளைத் தட்டில் கொட்டினாள். ஐந்தே வகை. மதகுக்காரர் சாவியோடு வாசலில் நின்றார்.

தட்டில் இரட்டைவாலன் ஒன்று நடந்தது.

"ஸ்பிரிட்ல போட்டது எப்படி நடக்கும்?" என்றாள்.

மேசையில் இருந்த ஸ்பிரிட் கேனைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. "அது ஸ்பிரிட் இல்ல, தண்ணி. உன் மாமியார் முதுகுக்குத் தேச்சே ஸ்பிரிட் தீந்துபோச்சு. கேனைக் கழுவித் தண்ணி பிடிச்சு வெச்சேன்."

அவளுக்கு அன்று கடும் சளி. வாசனை தெரியாமல் பாட்டிலில் ஊற்றிவிட்டாள்.

"என் முதுகு மேல பழியைப் போடாதீங்கடி!" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

மதகுக்காரர் முகம் தெளிந்தது. "அப்போ இந்தத் தடியன்தான் மத்ததையெல்லாம் தின்னுட்டான். நல்ல தண்ணின்னு எழுதிடு தங்கச்சி."

"தின்னானோ, மொதல்லயே ஒண்ணும் இல்லையோ. யாருக்குத் தெரியும் அண்ணே?"

"வயிறு உப்பியிருக்கே!"

"உங்க வயிறும்தான் உப்பியிருக்கு. அதப் பாத்து நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதட்டுமா?"

வலையை எடுத்தாள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டேன். குழிக்கு ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்னாது.

ஓடை முழங்காலுக்கு மேல் ஓடியது. அவள் இடுப்பில் கயிறு கட்டி நானும் மதகுக்காரரும் பிடித்தோம். மணி மூன்று இருபது. அவள் கல்லைக் காலால் கிளற, கீழே பிடித்த வலையில் வெறும் இலைதான் வந்தது. இரண்டாம் முறை நான்கு வகை. தண்ணீர் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. இழுத்துக் கரையில் போட்டோம். வலையை மட்டும் அவள் விடவில்லை.

குடைக்கடியில் ஐஸ் தட்டில் பிரித்துப் போட்டு எண்ணினாள். ஏழு.

"மணி மூணே முக்கால்," என்றார் மதகுக்காரர்.

"கடிகாரம் என்கிட்டயும் இருக்கு."

மறுபடி இறங்கி, வலையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்தாள். அடியில் காசுப்பூச்சி. பக்கத்தில் வீடுகட்டி. பிளவில் இன்னும் இரண்டு. மூவாலியின் குழியில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தாள். அதன் செவுள்கள் விசிறி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

"பதினொண்ணு. எதுவும் துவண்டு கிடக்கல. திறந்து விடுங்க அண்ணே."

"மிச்சம் மூணு?"

"இந்த வெள்ளத்துல அதுங்க மட்டும் வெளிய சுத்துமா? அடியில பதுங்கியிருக்கும். நாளைக்கு வந்து பாக்குறேன்."

அவர் ஓடினார். மணி நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஈரத்துணி மாற்றாமலே குறிப்பேட்டில் எழுதினாள்: 'காலையில் எடுத்த சாம்பிள் வீண். கேனை முகர்ந்து பார்க்காமல் ஊற்றினேன்.'

"தண்ணி பிடிச்சு வெச்சது நான். அதையும் எழுது," என்றேன்.

"பிடிச்சது நீங்க. ஊத்தினது நான்." புத்தகத்தை மூடிவிட்டாள்.

மாலையில் குழாயில் தண்ணீர் வந்தது. மாமியார் குடிக்கக் கேட்டாள். பூச்சியக்கா ஒரு டம்ளர் பிடித்து, முழுவதையும் தானே குடித்து, சிறிது நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு அடுத்த டம்ளரைப் பிடித்தாள்.

"ருசி பாத்து முடிச்சாச்சா? குடுடி," என்றாள் மாமியார்.