கயேனுக்குப் போகும் அம்மா

கிரிக்கெட் பந்து சொல்தா தாத்தா வீட்டு ஜன்னலில் பட்டால் அவர் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வரமாட்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வரும். "எல்லாரையும் கயேனுக்கு ஏத்திடுவேன்!" அவ்வளவுதான், முத்தியால்பேட்டையில் எங்கள் சந்தில் ஒரு குஞ்சு குளுவான் மிஞ்சாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் பெயர் இருந்ததா என்றே எங்களுக்குத் தெரியாது.

கயேன் என்றால் என்ன என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். விவரமாகச் சொன்னார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் குற்றம் செய்தவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிய இடம். கடல் தாண்டிப் பெருங்காடு. கையில் கத்தியைக் கொடுத்துக் காட்டை வெட்டச் சொல்வார்கள். கொசு கடித்தே பாதிப்பேர் போய்விடுவார்கள். "போனவன் எவனும் திரும்புனதில்ல" என்று முடித்துவிட்டு மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அந்தச் சிறையை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் எனக்குப் பத்து வயது நடந்தபோது, ஒருநாள் காலையில் தட்டில் சட்னியை ஊற்றியபடி, "அம்மா ஒம்போது மாசம் கயேனுக்குப் போறேன், நீ சமத்தா இருப்பியா?" என்று அம்மா கேட்டதும் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

விவசாயம் படிக்கப் போகிறாளாம். அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கிற படிப்பாம். மழைக்காட்டு மண்ணில் வாழையும் அன்னாசியும் மரவள்ளியும் வளர்க்கச் சொல்லித் தருவார்களாம். கயேன் தென்னமெரிக்காவில் இருந்தாலும் இன்னும் பிரான்ஸைச் சேர்ந்ததுதானாம், அவள் அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் அம்மாவுக்கு இடம் கிடைத்ததாம். நான் இதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அம்மா ஊருக்கு வெளியே ஒரு நர்சரியில் வேலை பார்த்தாள். பதியம் போடுவது, ஒட்டுக் கட்டுவது என்று அவள் கைக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவளுக்குப் போய் யார் செடி வளர்க்கச் சொல்லித் தருவது? அதுவுமல்லாமல், ஒருவர் ஜெயிலுக்குப் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் எட்டு மாதம் துபாயில் இருந்தார். அவரைப் பார்க்க அவர் மனைவி வாராவாரம் காலாப்பட்டு ஜெயிலுக்கு டவுன் பஸ் ஏறியதைத் தெருவே பார்த்தது.

அம்மா செய்த குற்றமும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அதில் நானும் இருந்தேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கடற்கரைக்குப் போய்விட்டு, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள் இருக்கும் தெரு வழியாக நடந்து வந்தோம். ஒரு மஞ்சள் வீட்டின் மதிலுக்கு மேல் காகிதப்பூக் கொடி வழிந்து கிடந்தது. ஒரே கொத்தில் பாதி வெள்ளை, பாதி ரோஸ். அம்மாவால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. "யாராச்சும் வராங்களா பாருடி" என்று என்னைக் காவல் நிறுத்திவிட்டு, பட்டென்று ஒரு குச்சியை ஒடித்துக் கைப்பைக்குள் போட்டாள். நான் தெருவின் இரண்டு பக்கமும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். மாடியைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரம்மா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். முனை திரும்பியதும் அவளுக்கு அடக்கமுடியாத சிரிப்பு. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் குச்சி எங்கள் மொட்டைமாடியில் ஒரு பெயின்ட் வாளியில் வேர்பிடித்து, அம்மா கயேனுக்குப் போகும் சேதி வந்த மாதத்தில் முதல்முறையாகப் பூத்தது.

வெள்ளைக்காரம்மா புகார் கொடுத்துவிட்டாள் என்று முடிவுகட்டினேன். அதற்குப்பின் பார்த்ததெல்லாம் எனக்குச் சாட்சியாகவே இருந்தது.

முதலில் கஸியே. அப்பா டூவீலர் மெக்கானிக். கையில் கிரீஸோடு போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, "கஸியே இன்னும் வரலியா?" என்று தினமும் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். "அதுவா? கஸியே ஜுதிசியேர். ஒருத்தன் பண்ண குத்தமெல்லாம் அதுலதான் எழுதியிருப்பான்" என்றார் தாத்தா. குற்றம் எதுவும் இல்லை என்று காட்டுவதற்கும் அந்தத் தாள்தான் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. உறை வந்த அன்று அம்மா அதை இரண்டுமுறை படித்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு ஊசி. சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல் திரும்பினாள். எதற்கு ஊசி என்று கேட்டேன். அங்கே கொசு ஜாஸ்தி என்றாள். தாத்தா சொன்ன அதே கொசு.

அதன்பின் கயேன் பள்ளியிலிருந்து வந்த பட்டியல். அம்மா பிரெஞ்சில் படித்துப் படித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கை சட்டை நான்கு, கொசுவலை, டார்ச், ஒரு விசில். விசில் காட்டில் வழி தப்பினால் ஊதுவதற்கு. வெட்டுக்கத்தி கொண்டுவரக் கூடாது, அங்கேயே கொடுப்பார்கள். இரவு ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே போகலாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் வீட்டுப்பாடம் எழுதினேன். எழுதியது அத்தனையும் தப்பு என்று மறுநாள் டீச்சர் திட்டினார். பூட்ஸ் எங்கும் கிடைக்காமல் கடைசியில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கினார்கள். ஐஸ்பெட்டி தூக்குகிறவர்கள் போடுவது. அம்மாவின் காலுக்கு அது இரண்டு சைஸ் பெரியது. அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் அவள் நடந்து பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். பல்வலி என்று சொல்லிச் சமாளித்தேன். பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த எண். விடுதியில் எல்லோருடைய துணியையும் ஒன்றாகத் துவைப்பதால் ஒவ்வொன்றிலும் அவரவர் எண்ணைத் தைத்துக் கொண்டுவர வேண்டுமாம். அம்மாவின் எண் நாற்பத்தேழு. சட்டைக் கழுத்தில், துண்டின் ஓரத்தில், உள்பாவாடை நாடாவுக்குக் கீழே என்று சிவப்பு நூலால் நாள்முழுக்கத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. எதையும் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. "நாப்பத்தேழு, ஒரு டீ போடு." "நாப்பத்தேழு, என் லுங்கி எங்க?" அம்மா தலையை நிமிர்த்தாமல் எழுந்துபோய் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி ஊசியை எடுப்பாள். ஜெயிலுக்குப் போகிறவளை இப்படிக் கேலி செய்கிறாரே என்று எனக்கு அப்பாமேல் ஆத்திரம் வந்தது. அம்மா ஏன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை என்பதற்கும் நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். குற்றம் செய்தவள் எப்படிச் சிரிப்பாள்?

விமானத்துக்கு நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை. அம்மா நர்சரியில் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தாள், அப்பா பட்டறையில். நான் மொட்டைமாடிக்குப் போய் அந்தப் பெயின்ட் வாளியைத் தூக்கினேன். திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு. வாளி கனத்தது. முள் கையைக் கிழித்தது. மணிக்கூண்டைத் தாண்டி, காந்தி வீதியோடு, பத்தடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து நடந்தேன். அதுவரை நான் தனியாகத் தெருமுனைக் கடையைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்தபோதும் செடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பெரிய வாய்க்காலோரம் வாளியை இறக்கி வைத்தேன். திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. வாளியை விட்டுவிட்டு ஓடவும் மனசு வரவில்லை.

மஞ்சள் வீட்டு மணியை அடித்தேன். வேலை செய்கிற அக்கா கதவைத் திறந்து, "இன்னா பாப்பா, செடி விக்கிறியா?" என்றார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரம்மா வந்து நின்றாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"செடியத் திருப்பிக் கொண்டாந்துட்டேன். எங்கம்மாவ கயேனுக்கு அனுப்பாதீங்க. நான்தான் யாராச்சும் வராங்களான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெள்ளைக்காரம்மாவுக்குக் கயேன் என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அந்த அக்கா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எதையோ சொல்ல, அவள் இன்னும் குழம்பி, எனக்கு ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். கொல்வதற்குமுன் கொடுப்பது என்று நினைத்துக் குடிக்கவில்லை. அப்பாவின் போன் நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதைச் சொன்னதும் அக்கா கூப்பிட்டார். அப்பா வண்டியில் வந்து, நடந்ததைக் கேட்டு, அப்படியே கதவில் சாய்ந்து சிரித்தார். வெள்ளைக்காரம்மாவும் சிரித்தாள். செடியை அவளே திருப்பிக் கொடுத்ததோடு, வேறு நிறத்தில் இன்னொரு குச்சியும் ஒடித்துக் கொடுத்தாள். எங்களைப் பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லையாம்.

அப்பா வழியெல்லாம் சிரித்தார். தெருவைக் கூட்டிச் சொன்னார். சொல்தா தாத்தா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, "ஐயோ பாப்பா, அந்த ஜெயில மூடி எத்தினியோ காலமாச்சே. இப்ப நல்ல ஊரு, ஸ்கூலு, மார்க்கெட்டு எல்லாம் இருக்கு" என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் பயம் முழுசாகப் போகவில்லை. போனவர்கள் திரும்பினார்களா என்பதற்கு அவர் இப்போதும் பதில் சொல்லவில்லையே.

அம்மா நாலு மணிக்கு வந்தாள். அப்பா மறுபடி முதலிலிருந்து நடித்துக் காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு என்னையும் மாடிக்குக் கூட்டிப்போனாள். என் கையிலிருந்த முட்களை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நான் திரும்பி வரமாட்டேன்னு யாரு சொன்னா?"

"தாத்தா."

"வேற யாரும் சொல்லலியே?"

இல்லையென்று தலையாட்டினேன். அவள் கை சற்று நின்று, மறுபடி முள்ளைத் தேடியது. என் மனசில் இருந்ததைச் சொன்னேன். "உன்ன புடிச்சா என்னயும்தான புடிக்கணும்? நானும் வரேன்மா."

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு எடம் கெடைக்குமான்னு கேட்டு எழுதுனேன்டி. அங்க ஒரு ஸ்கூல்கூட பாத்து வச்சேன். விடுதியில புள்ளைங்கள சேக்க மாட்டாங்களாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கோ ஒரு மாதத்துப் பயம் அந்த நொடியில் இறங்கிப் போனது. அம்மா என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறாள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

அம்மா போனாள், ஒன்பது மாதத்தில் சொன்ன நாளில் திரும்பியும் வந்தாள். ஒருநாள்கூடத் தள்ளவில்லை. வேலைக்கு அங்கேயே இருக்கச் சொன்னார்கள், எனக்காகத்தான் திரும்பினாள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னாள். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருப்பது கயேனோ, கத்தியோ, கொசுவோ அல்ல. மாடியிலிருந்து இறங்கி வந்து நான் செய்த காரியம்.

அப்பா கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், அம்மா கயேனுக்கு என்னையும் கூட்டிப்போகக் கேட்டாளாம், ஸ்கூலெல்லாம் பார்த்து வைத்திருந்தாளாம் என்று மூச்சுவாங்கச் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உன்ன மட்டுமா?" என்றார்.

"ஆமா, என்ன மட்டுந்தான்" என்றேன், அத்தனை பெருமையாக.

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தபடியே இருந்தார். தன்னைச் சேர்க்கவில்லை என்று அப்பாவுக்குப் பொறாமை என நினைத்தேன். பாவமாக இருந்தது. தோளில் கைபோட்டு, "நீ வேணும்னா அடுத்த தடவ வாப்பா" என்று சமாதானம் சொன்னேன்.