நாரணாபுரத்தில் நாலு பிரிம்ரோஸ்

பிரிம்ரோஸ் என்று ஒரு பூ. பேரில் ரோஸ் இருக்கிறதே என்று ரோஜாவைத் தேடினால் ஏமாந்துதான் போக வேண்டும். முள்ளும் கிடையாது, கிளையும் கிடையாது. முள்ளங்கிக் கீரை மாதிரி தரையோடு விரிந்த இலை, நடுவில் கொத்தாகப் பூ. குளிர்நாட்டுச் சரக்கு. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற நாரணாபுரத்தில் அதைப் பூக்க வைக்கிறேன் என்று கிளம்பிய முருகம்மாளை என்னவென்று சொல்வது!

ஆசையில் கிளம்பவில்லை, பாவம். பயத்தில் கிளம்பினாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் இருபது வருஷமாகப் பேக்கிங் வேலை. 2006 பங்குனியில் ஒரு மத்தியானம், இரண்டு செட்டு தள்ளி, வெடிக்குழலுக்குள் மருந்து செலுத்துகிற கொட்டகை வெடித்தது. காலையில் வேனில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்த செல்லக்கனி போய்ச் சேர்ந்தாள். முருகம்மாள் மேலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதன் பிறகு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தாலே உடம்பு உதறும். கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். புருஷன் செத்து ஆறு வருஷம், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. வீட்டில் உட்கார முடியுமா? ஊர்க்கோடியில் தோட்டம் துரவோடு இருந்த சோலைச்சாமி வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

ஆடி மாதம் அந்த வீட்டு மகள் பாண்டிலட்சுமி லண்டனிலிருந்து ஒரு விதைப் பாக்கெட் அனுப்பினாள். மார்கழியில் வருவாளாம், வரும்போது பூத்திருக்க வேண்டுமாம்.

"ஏ முருகம்மா, இதை மட்டும் பூக்க வச்சுரு" என்றாள் அவள் அம்மா வீரலட்சுமி. "எம்மக கண்ணுல காட்டிட்டேன்னா நீ கம்பெனிப் பக்கமே போக வேண்டாம். காலம்பூரா இங்கனயே இரு."

சோலைச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. "செடிக்குத் தண்ணி ஊத்தத் தனியா ஒரு ஆளா? பூக்கலைன்னா மார்கழியோட நிப்பாட்டிரு."

விதையைக் குளிரில் வைக்க வேண்டும் என்று போனில் சொன்னாள் மகள். மண் நிரப்பிய தட்டு பிரிட்ஜுக்குள் போனது, தோசை மாவுக்கும் மோருக்கும் நடுவில். "நாளைக்கு எருக்குழியையும் உள்ள தள்ளீருவீகளோ?" என்று சோலைச்சாமி கத்தினார். யார் கேட்டார்கள்!

மூன்று வாரம் கழித்து வெளியே எடுத்துத் தண்ணீர்த்தொட்டி நிழலில் வைத்தார்கள். பதினொரு முளை வந்தது. எது பிரிம்ரோஸ், எது மண்ணோடு வந்த களை? வீரலட்சுமிக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. நூறு வெடித்திரியில் நமுத்துப்போன ஒன்றைத் தொடாமலே பார்த்துச் சொல்கிற கண் முருகம்மாளுக்கு. பாக்கெட்டில் இருந்த படத்தையும் முளையையும் நாலு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிரிம்ரோஸ் இலை சுருக்கம் சுருக்கமாக இருக்கும், ஓரத்தில் சின்னப் பல் வெட்டு, அடியில் பூனைமயிர். அப்படி இல்லாத ஏழு முளையைப் பிடுங்கி எறிந்தாள்.

"அடிப் பாவி, பூராத்தையும் புடுங்கிட்டியே!" என்று வீரலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் மிச்சம் நாலும் படத்தில் இருந்தபடியே இலை விரித்தபோது அவளே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நாலையும் தனித்தனிப் பூந்தொட்டியில் நட்டு, நிழல் நகர நகரத் தொட்டிகளை நகர்த்தினாள் முருகம்மாள். சுற்றிலும் ஈரச்சாக்கு, ஊற்றுவதற்கு மண்பானைத் தண்ணீர். ஐப்பசி மழை கைகொடுத்தது. கார்த்திகை பிறந்ததும் இரண்டு செடியில் அரிசி அளவுக்கு மொட்டு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் ஐந்து நாள் சுள்ளென்று வெயில். இலை மஞ்சளித்தது.

சின்ன வயதில் அவள் காட்டு வேலைக்குப் போனவள். பயிர் மஞ்சளித்தால் உப்புப் போடுவார்கள். உரத்துக்கு அந்தப் பக்கத்தில் உப்பு என்றுதான் பேர். கம்பெனியிலும் ஓர் உப்பு உண்டு, பச்சை உப்பு. "பச்சை உப்பு போட்டாத்தான் பச்சை ஏறும்" என்று மருந்து கலக்குகிற ஆட்கள் பேசிக்கொள்வதை இருபது வருஷமாகக் காதால் கேட்டவள். கலக்குகிற அறைக்குள் ஒரு நாளும் போனதில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும்.

மருந்து கலக்குகிற பலவேசம் பக்கத்துத் தெரு. போய்க் கேட்டாள்.

"பச்சை உப்பா? எதுக்குத்தா? கார்த்திகைக்குப் புள்ளைக கொளுத்தவா?"

"பச்சை ஏத்தத்தான்ணே" என்று சிரித்தாள்.

"பாத்து, கொஞ்சமாப் போடு. கையைக் கழுவிரு" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்.

நாலு தொட்டிக்கும் கரைத்து ஊற்றினாள். மூன்றாம் நாள் இலை ஓரம் கருகியது, மொட்டு தலை தொங்கியது. அப்புறம் தண்டும் சாய்ந்தது. ஓடிப்போய்ச் சொன்னபோது பலவேசம் அரண்டுபோனார். "அடக் கிறுக்கி! அது வெடி நெருப்புக்குப் பச்சை ஏத்துற உப்புத்தா! செடிக்கு வெசம்லா!"

வீரலட்சுமியிடம் மறைக்கவில்லை. அந்த அம்மாள் திட்டவும் இல்லை. "அவ வந்ததும் நீயே சொல்லிக்கோ" என்றாள்.

மார்கழியில் பாண்டிலட்சுமி வந்து இறங்கினாள். காய்ந்த தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று முருகம்மாள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள், அழுகையோடு.

"ஐயோ அக்கா, இதுக்கா அழுறீக?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பாண்டிலட்சுமி. நல்ல பெண்தான், கேலி செய்யவில்லை. "நம்ம ஊரு வெயிலுக்கு இது பூக்கவே பூக்காதுன்னு எனக்குத் தெரியும். கடையில ஓசியாக் குடுத்தான். அம்மாவுக்குப் பொழுது போகட்டுமேன்னு அனுப்பினேன்."

"மொட்டு வந்துச்சும்மா" என்றாள் முருகம்மாள். "ரெண்டு செடியில மொட்டு வந்துச்சு."

"அப்பிடியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் பெட்டியைத் திறக்க உள்ளே போய்விட்டாள். வீரலட்சுமியும் பின்னாலேயே போனாள். வாசலில் நின்ற சோலைச்சாமி, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை முருகம்மாள் வேன் ஏறினாள். செல்லக்கனி உட்காருகிற இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். கம்பெனி வாசலில் போர்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பேக்கிங்ல ஆள் நெறைஞ்சிருச்சுக்கா. மருந்து செலுத்தத்தான் ஆள் வேணும். முடியுமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எந்த செட்டு?" என்று கேட்டாள்.

அவன் கை காட்டினான். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.