பதினொரு நாட்டு முத்திரை

குன்னூரில் தூறல் நிற்கவே மாட்டேன் என்கிறது. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு எஸ்டேட் வேலை தரும் அலுவலக வராந்தாவில் நீண்ட வரிசை. நான் வேலை கேட்டு வரவில்லை. பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க வந்திருக்கிறேன். இருபது வருடமாக வெளிநாட்டு நிருபர்.

வரிசையில் முதல் ஆள் பதுளையிலிருந்து வந்த பார்வதியம்மா. குடும்பத்தின் காகிதங்களெல்லாம் அவர் மடியிலிருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன.

"கப்பல் பயணம் எப்படிம்மா இருந்துச்சு?"

"மொதல்ல ஒங்க கடுதாசியக் காட்டுங்க."

இந்த வரிசையில் காகிதம் பார்க்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. நிருபர் அட்டையைக் கொடுக்கிறேன். அரசாங்க முத்திரை இல்லையென்று உடனே திருப்பித் தருகிறார். எனக்குச் சுருக்கென்கிறது. பாஸ்போர்ட்டை நீட்டுகிறேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, முத்திரை தெரியும். பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணுகிறார். முகம் வாடிவிடுகிறது.

"பதினோரு நாட்டுக்காரனும் வெளிய போன்னுட்டானா?"

"இல்லம்மா, நானாத்தான் போனேன், நானாத்தான் திரும்பி வந்தேன்."

கடைசி முத்திரையைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. நான் எழுதிய செய்தி பிடிக்காமல் அந்த நாடு என்னை ஒரே நாளில் வெளியேற்றியது.

"நாங்களும் கேக்கிறவங்ககிட்ட அப்படித்தான் சொல்றோம்."

ஜன்னல் திறக்கிறது. பார்வதியம்மா என் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் தள்ளுகிறார்.

"ஐயா, மொதல்ல இவரப் பாருங்க. எங்களயாச்சும் ஒரு நாடுதான் அனுப்புச்சு."

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் வேலை மனுவில் எழுதப் பெயர் கேட்கிறார். தகப்பனார் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.