மீராமுகைதீன் ஏறிய தோணி

கல்முனையில் கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுபவர் மீராமுகைதீன். ஊருக்கெல்லாம் அவர் காக்கா, அதாவது அண்ணன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவருடைய மூன்று ஒலிபெருக்கிகளில் இரண்டைக் கொண்டுபோனது. எஞ்சியதற்கு அவர் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். வானொலியில் காற்று என்ற பேச்சு வந்தால் போதும். ஒலிபெருக்கிக் குழலையும் பற்றரியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மீனவர்களை எச்சரிக்கக் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுவார். அவரை யாரும் கேட்டதில்லை, வேண்டாமென்றும் சொன்னதில்லை.

எண்பதாம் ஆண்டு மார்கழியில் ஒரு காலை, தாழமுக்கப் புயல் பலமிழந்து வருகிறது, ஆனாலும் காற்று பலமாக வீசும், கடல் கொந்தளிக்கும் என்று செய்தி சொன்னது. அவர் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் தோணிகளை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். கதிர்காமன் மட்டும் இரண்டு பேரோடு தன் தோணியைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“பலம் குறையுது எண்டுதானே காக்கா றேடியோவில சொன்னான்? நாலு நாளாக் கரையிலயே கிடக்கம்.”

“புயலுக்குத்தான் தம்பி பலம் குறையுது. அத இன்னும் கடலுக்கு ஆரும் சொல்லல்ல.”

கதிர்காமன் சிரித்துக்கொண்டே தள்ளினான். மீராமுகைதீன் குழலில் கத்திப் பார்த்தார். காற்று அவர் குரலை நற்பிட்டிமுனை வயல்பக்கம் கொண்டுபோனது. வேறு வழி தெரியாமல் பற்றரியைத் தோணிக்குள் வைத்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஏறி உட்கார்ந்தார்.

“இறங்குங்க காக்கா.”

“நானும் வாறன். எனக்கு நீந்தத் தெரியா. நீங்கதான் பாத்துக்கணும்.”

மீராமுகைதீன் பிஸ்மி சொல்லி விளிம்பை இறுக்கிப் பிடித்தார். கதிர்காமன் அதட்டினான், கெஞ்சினான், கடைசியில் கரையில் நின்ற தன் மனைவி செல்லத்தங்கத்தைக் கூப்பிட்டான்.

“நல்லா இரிங்க காக்கா, இறங்காதீங்க,” என்றாள் அவள்.

பேச்சு முடியவில்லை, ஓர் அலை தோணியின் மூக்கைத் தூக்கிப் பக்கவாட்டில் மணலில் அறைந்தது. மீராமுகைதீன் நனைந்த மூட்டைபோல் வெளியே உருண்டார். கதிர்காமன் தோணியை விட்டுவிட்டு அவரைத்தான் முதலில் இழுத்தான். பிறகு எல்லோரும் ஓடிவந்து தோணியை மேட்டில் ஏற்றினார்கள். பற்றரி கடலோடு போயிற்று.

“கரையிலயே இப்பிடியெண்டா...” என்ற கதிர்காமன் தோணியைத் தென்னையோடு சேர்த்துக் கட்டினான்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. அன்று பிடித்த பெரிய பாரை மீன் ஒன்றோடு அவன் மீராமுகைதீன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“இது என்னத்துக்கு தம்பி?” என்று கேட்டாள் அவர் மனைவி ஸகியா.

“காக்கா இனி என்ட தோணியில ஏறாம இருக்கிறத்துக்கு,” என்றான் கதிர்காமன்.