கொசுவின் தாய்ப்பாசம்

என் மாணவி எஸ்தருக்கு விடுதிப் பள்ளியில் கிடைத்திருக்க வேண்டிய சீட்டைக் கெடுத்தவள் நான்தான். கேள்வியெல்லாம் கடினம் என்று அவள் அப்பாவிடம் சொன்னேனே, அது பச்சைப் பொய்.

ஒரு டீச்சர் அப்படி என்னதான் கெடுத்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரில் வாரநாள் முழுக்க நான் ஐந்தாம் வகுப்புத் தமிழ் மீடியம் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர். அங்கே கதை முடிந்ததும், "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்பது வழக்கம். அந்த வழக்கம் திங்கட்கிழமையும் என்னை விடவில்லை. மண்புழுப் பாடமா? தாழ்மை. காந்தமா? கெட்ட சகவாசம் கூடாது. தகவலைத் தகவலாக வாசிக்க நான் கற்றுத்தரவே இல்லை... எனக்கே அது சப்பென்று இருந்ததே!

எஸ்தரின் அப்பா விசைத்தறியில் கூலி வேலை செய்பவர். திருப்பதியில் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தால் அவள் படிப்பு தொடரும். இல்லையென்றால் அவளும் நூல் சுற்றப் போக வேண்டியதுதான். நேர்காணலுக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

திறந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். டெங்கு பற்றி ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். கணீரென்று வாசித்தாள். கொசு எங்கே முட்டையிடும் என்று கேட்டார்கள்.

"நல்ல தண்ணியிலதான் சார். புள்ளைங்க நல்லா இருக்கணும்னு சுத்தமான எடமா தேடிக்கினு போவுது. தாய்னா அப்படித்தான்."

"அப்போ வீட்ல தேங்கின தண்ணிய என்ன செய்யணும்?"

"கொட்டக் கூடாது சார். பாவம்."

உள்ளே ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. எழுந்து போய், "இவளை இப்படிப் பழக்கியது நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மானம் போய்விடுமே... செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "எல்லாரும் சிரிச்சிக்கினே இருந்தாங்க மிஸ். சீட்டு குடுத்துருவாங்க இல்ல? நைனாகிட்ட இன்னிக்கே சொல்லிடட்டா?"

சொல் என்றேன்.

சீட்டு கொடுக்கவில்லை. இப்போது நூல் சுற்றுகிறாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் அப்பா கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னார். "எஸ்தருக்குக் குடுத்து வெக்கல மிஸ். நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க. சின்னவளையும் நீங்களே தயார் பண்ணிடுங்க."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... "சரிங்க" என்பதுதான் வந்தது.